கயிற்றைத் தாண்டியவன்

உடம்பு தேறிவிட்டதா என்று கேட்கிறவர்களைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வரும். நல்ல மனதோடுதான் கேட்கிறார்கள், தெரியும். ஆனால் அந்த ஒரே கேள்வியை ஆறு மாதம் காலையிலும் மாலையிலும் மருந்தோடு சேர்த்து விழுங்கியவனுக்குத்தான் அதன் கசப்பு புரியும். தேறிவிட்டது என்றால் நம்பமாட்டார்கள். இல்லை என்றால் உடனே நம்பிவிடுவார்கள்.

ஐம்பதுகளின் நடுவில் நான் செங்கல்பட்டு ஜங்ஷனில் டிக்கெட் கலெக்டராக இருந்தேன். வெளியே போகும் கேட்டில் நின்று, வண்டியிலிருந்து இறங்கி வருகிறவர்களிடம் டிக்கெட்டை வாங்க வேண்டும். சொல்வதற்கு எளிய வேலை. டிக்கெட் இல்லாதவனை நிறுத்த வேண்டுமே, அதற்குக் குரல் வேண்டும். எனக்கு அது இல்லை. நான் ‘டிக்கெட்’ என்று சொல்வது என் காதிலேயே சரியாக விழாது. மூட்டையும் முடிச்சுமாகப் பத்துப் பேர் சேர்ந்து வந்தால் நானே ஒதுங்கி வழி விட்டுவிடுவேன். டிக்கெட் இல்லாமல் போகிறவர்களில் சிலர் போகிறபோது எனக்கு ஒரு சலாமும் வைத்துவிட்டுப் போவார்கள். அவர்கள் ஏமாற்றியதைவிட அந்த சலாம்தான் என்னை அதிகம் சுட்டது.

ஐப்பசி மழையில் நனைந்ததும் காய்ச்சல் வந்தது, பின்னாலேயே மார்வலி. நுரையீரலைச் சுற்றி நீர் கோத்திருக்கிறது என்று சொல்லி, முதுகில் ஊசி போட்டு உறிஞ்சி எடுத்தார்கள். அதன் பிறகு நாள் தவறாமல் இன்னொரு ஊசி. ரயில்வே டாக்டர் ஆறு மாத லீவுக்கு எழுதிக் கொடுத்தார். மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்து, “சித்திரை கடைசியில என் முன்னால வந்து நிக்கணும். அன்னிக்குப் பார்த்து ஃபிட்னா வேலை. இல்லைன்னா சர்வீஸை முடிச்சுடுவாங்க,” என்றார். வேலை போனால் ரயில்வே குடியிருப்பும் போகும். எனக்கு மனைவியும் ஐந்து வயதில் ஒரு மகளும் இருந்தார்கள். வேறு சொத்து எதுவும் இல்லை.

தை பிறந்ததும் கோவளத்தில் என் மச்சான் வீட்டுக்குப் போனோம். மச்சான் என் மனைவியின் அண்ணன், அங்கே தர்காவுக்குப் பக்கத்துத் தெருவில் மளிகைக் கடை வைத்திருந்தார். கடல் காற்று மாருக்கு நல்லது என்று டாக்டரே சொல்லியிருந்தார். பின்கட்டில் எனக்கு ஒரு தனி அறை, தனிப் பாய், தனித் தட்டு, தனி டம்ளர். என் டம்ளரைச் சுற்றி ஒரு சிவப்பு நூல் கட்டியிருந்தார்கள், மற்றதோடு கலந்துவிடக் கூடாது என்பதற்காக. மகளுக்கு என் அறை வாசற்படியைத் தாண்ட அனுமதி இல்லை. படிக்கு அந்தப் பக்கம் நின்று சிலேட்டைத் தூக்கிக் காட்டுவாள். நான் பாயில் படுத்தபடி, சரியாக எழுதியிருக்கிறாய் என்பேன். அவ்வளவு தூரத்தில் எனக்கு ஒரு எழுத்தும் தெரியாது.

வீட்டில் யாரும் என்னை ஒரு குறை சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. கல்யாணமான நாளிலிருந்து என் மனைவி என்னோடு சரிக்குச் சரி வாயாடியவள். கோவளத்துக்கு வந்த பிறகு அவள் குரலே மாறிவிட்டது. கஞ்சி வேண்டுமா என்பாள், போர்வை வேண்டுமா என்பாள், நான் என்ன சொன்னாலும் சரி என்பாள். சாகக் கிடக்கிறவர்களோடு அப்படித்தான் பேசுவார்கள். நானும் முதலில் அதற்கு ஒத்துழைத்தேன் என்றே சொல்ல வேண்டும். பகலெல்லாம் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். தினமும் காலையில் கடற்கரையில் நடக்க வேண்டும், கனம் தூக்கக் கூடாது, சத்தமாகப் பேசக் கூடாது என்று டாக்டர் மூன்று விதி எழுதிக் கொடுத்திருந்தார். மூன்றாவது மட்டும் எனக்குக் கஷ்டமாக இல்லை.

ஒரு மாதம் போல அந்த நடையை நடந்தேன். நடை என்று சொல்வது பெரிய வார்த்தை. கடைத்தெருவிலிருந்து மணலுக்கு இறங்கி, தெற்கே தெரியும் ஒரு பனங்கூட்டம் வரை போய், அங்கே உட்கார்ந்து மூச்சு வாங்கிவிட்டுத் திரும்புவேன். செருப்பைக் கழற்றமாட்டேன், காலில் ஈரம் பட்டால் சளி பிடிக்கும் என்ற பயம். மணல் செருப்புக்குள் நுழைந்து அறுக்கும். கடலை நான் ரசித்ததாக ஞாபகம் இல்லை. அதைப் பார்த்தால் எப்போது திரும்பிப் போய்ப் படுக்கலாம் என்றுதான் தோன்றும்.

மாசி முடிகிற சமயம் ஒரு நாள் காலை, பனங்கூட்டத்துக்குப் பாதி வழியில் மணலின் குறுக்கே ஒரு தடித்த கயிறு கிடந்தது. கடலுக்குள்ளிருந்து ஏறி வந்து, முழங்கால் உயரத்தில் விறைப்பாக நின்றது. மேட்டில் பதினைந்து இருபது பேர் அதைப் பிடித்துப் பின்னுக்கு நடந்துகொண்டிருந்தார்கள். தூரத்தில் தெற்கே இன்னொரு கயிறு, இன்னொரு கூட்டம். படகில் போய் வலையைக் கடலில் வளைத்துப் போட்டுவிட்டு, அதன் இரண்டு முனைக் கயிறுகளையும் கரையிலிருந்து இழுக்கிறார்கள் என்று எனக்கு அப்போது தெரியாது. சுற்றிக்கொண்டு போகச் சோம்பல். வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு எட்டு வைத்துக் கயிற்றைத் தாண்டினேன்.

“யோவ்! யோவ் பாய்!”

கயிற்றில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவன் மட்டும் கயிற்றை விட்டுவிட்டு ஓடி வந்தான். வலைக்குச் சொந்தக்காரன் அவன்தான். என் வயதுதான் இருக்கும், நல்ல கருப்பு, முகத்தில் எப்போதும் ஒரு சிடுசிடுப்பு.

“இன்னாத்துக்குய்யா கயித்த தாண்டுன? செருப்பு வேற போட்டுகினு!”

“தெரியாம தாண்டிட்டேங்க,” என்றேன்.

“தெரியாம தாண்டுனாலும் தாண்டுனதுதான். தாண்டுன கயித்துல மீனு வராது. தாண்டுனவனே வந்து புடிக்கணும், இங்க அதான் மொற. செருப்ப கழட்டிட்டு வா.”

“எனக்கு மார்ல சீக்குங்க. கனம் தூக்கக் கூடாதுன்னு டாக்டரு சொல்லிகீறாரு.”

“யாருய்யா ஒன்ன தூக்கச் சொன்னது? சும்மா கைய வை. மடி கரையேர்ற வரைக்கும் போகாத. அவ்ளோதான்.”

மடி என்றால் வலையின் நடுவில் மீன் வந்து சேரும் பை. அது கரையேற எவ்வளவு நேரமாகும் என்று கேட்கவும் எனக்கு வாய் வரவில்லை. டிக்கெட் இல்லாதவனுக்கு வழி விட்டது போலவே இவனுக்கும் பணிந்தேன். செருப்பைக் கழற்றிவிட்டுப் போய், வரிசையில் நின்று, கயிற்றின்மேல் கையை வைத்தேன். தேங்காய் நார்க் கயிறு, உப்புத் தண்ணீரில் ஊறி முள்ளுமுள்ளாக இருந்தது. எல்லோரும் சாய்ந்து இழுத்துக்கொண்டு பின்னுக்கு நடந்தார்கள். நான் இழுக்காமல் கூடவே நடந்தேன். மேட்டின் கோடிக்குப் போனதும் கயிற்றை விட்டுவிட்டு, தண்ணீர் ஓரத்துக்கு இறங்கி வந்து மறுபடி முதலில் பிடிக்க வேண்டும். இப்படியே ஏறுவதும் இறங்குவதுமாக ஒன்றரை மணி நேரம். இறங்கும்போது ஒவ்வொரு தடவையும் நின்று மூச்சு வாங்கினேன். ஆனால் ஒருவரும் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை.

மடி கரையேறியது. நெத்திலியும் காரப்பொடி மீனுமாக ஒரு குவியல். அவர்கள் மீனைக் கூறுகூறாகப் பிரித்தார்கள். நான் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது வலைக்காரன் ஒரு பனையோலையில் இரண்டு கை நெத்திலியை அள்ளி வைத்து நீட்டினான்.

“எனக்கு எதுக்குங்க? நான் இழுக்கவே இல்லியே.”

“இழுத்தியா இல்லியான்னு யாரு பாத்துகினு இருந்தது? கை வெச்சவனுக்கு பங்கு. புடி.”

அந்தப் பங்கை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. டிக்கெட் வாங்காமல் கேட்டைத் தாண்டிப் போகிறவர்களின் ஞாபகம் வந்தது. கடற்கரையில் ஒருவர் சும்மா கொடுத்தார் என்று சொல்லி மனைவியிடம் மீனைக் கொடுத்தேன். அவள் சரி என்றாள். சாப்பிடும்போது அந்த நெத்திலி எனக்கு இறங்கவில்லை. நாளைக்குப் போய் இன்றைய பங்குக்காவது இழுத்துவிட்டு வர வேண்டும், அதோடு சரி என்று முடிவு செய்தேன்.

மறுநாள் இழுத்தேன். பத்து எட்டுக்கு மேல் முடியவில்லை, இருமல் வந்து மணலில் உட்கார்ந்துவிட்டேன். பக்கத்தில் இழுத்தவர்கள் என்னைச் சுற்றிக்கொண்டு போனார்கள். இருமல் நின்றதும் எழுந்து பிடித்தேன். அன்றைக்கும் பங்கு கொடுத்தார்கள். அரைகுறையாக இழுத்ததற்கு முழுப் பங்கு. அதனால் மூன்றாம் நாளும் போக வேண்டியதாயிற்று. இப்படித்தான் நான் சிக்கிக்கொண்டேன். வீரமும் கிடையாது, வைராக்கியமும் கிடையாது. சும்மா வாங்கித் தின்றதன் உறுத்தல் என்னைத் தினமும் மணலுக்கு இழுத்துக்கொண்டு போனது.

உள்ளங்கை முதல் வாரத்தில் கொப்பளித்தது, இரண்டாம் வாரத்தில் உடைந்தது, அதன் பிறகு காய்த்தது. இராத்திரி தோள்பட்டை வலிக்கும், இடுப்பு வலிக்கும். நோயில் வந்த களைப்பு வேறு, இந்தக் களைப்பு வேறு. நோய்க் களைப்பில் தூக்கம் வராது. இதில் பாயில் சாய்ந்ததுதான் தெரியும். காலையில் எழுந்ததும் அப்பாடா இன்றைக்குமா என்றுதான் இருக்கும். கோவளத்து மணலை நான் சபிக்காத நாள் இல்லை. ஆனால் பங்குனி நடுவில், கயிற்றோடு மேடேறிப் போய்த் திரும்பி இறங்கும்போது நான் மூச்சு வாங்க நிற்பதில்லை என்பதைக் கவனித்தேன். எப்போதிலிருந்து என்று எனக்கே தெரியவில்லை.

கயிற்றில் என்னை ‘டிக்கெட்டு’ என்று கூப்பிட்டார்கள். ரயில்வே வேலை என்று நான்தான் ஒருநாள் சொல்லியிருந்தேன். அதிலிருந்து யார் என் பக்கத்தில் வந்து கயிற்றைப் பிடித்தாலும், “டிக்கெட்டு, நா வித்தவுட்டு. இன்னா பண்ணுவ?” என்று கேட்பார்கள். செங்கல்பட்டில் என்ன செய்தேன் என்பதை நினைத்து நான் சிரித்து மழுப்புவேன்.

பங்குனி கடைசியில் ஒரு நாள் வலை அசையவே இல்லை. கடலுக்குள் நீர் வடக்கே வேகமாக ஓடிக்கொண்டிருந்தது, வலையையும் சேர்த்துத் தள்ளியது. தெற்குக் கயிற்றுக்காரர்கள் இழுக்க இழுக்க நாங்கள் வடக்கே நகர்ந்தபடி இருந்தோம். எல்லோரும் ஒரே சமயத்தில் சாய்ந்தால்தான் கயிறு வரும், அதற்கு ஒருவர் குரல் கொடுக்க வேண்டும். எப்போதும் வலைக்காரன்தான் குரல் கொடுப்பான். அன்றைக்கு அவனுக்குத் தொண்டை கட்டியிருந்தது. இன்னொருவன் கொடுத்துப் பார்த்தான், தாளம் சேரவில்லை. ஆளுக்கொரு பக்கம் சாய்ந்து ஒருவர்மேல் ஒருவர் விழுந்தோம்.

வலைக்காரன் காற்றுக் குரலில் என்னைப் பார்த்து, “டிக்கெட்டு, நீ குடு,” என்றான்.

“எனக்குப் பாட்டு தெரியாதுங்க.”

“பாட்டு எவன் கேட்டான்? டேசன் பேரு தெரியுமில்ல? அத சொல்லு. சீக்கிரம், கயிறு போய்கினு கீது!”

அப்போது யோசிக்க நேரம் இருந்திருந்தால் முடியாது என்றுதான் சொல்லியிருப்பேன். கயிறு உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டு கடலுக்குத் திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. “ஒத்திவாக்கம்!” என்றேன். யாருக்கும் கேட்கவில்லை. “இன்னா?” என்று கோடியிலிருந்து ஒருவன் கத்தினான். நெஞ்சிலிருந்து எடுத்து மறுபடி, “ஒத்திவாக்கம்!” என்றேன். “ஏலேலோ!” என்று இருபது பேர் சாய்ந்தார்கள். கயிறு நின்றது. “படாளம்!” “ஏலேலோ!” ஒரு முழம் வந்தது. “கருங்குழி!” “மதுராந்தகம்!” “அச்சரப்பாக்கம்!” “தொழுப்பேடு!” விழுப்புரம் வரை போய்த் திரும்பினேன். திரும்பும்போது யாரோ, “மதுராந்தகத்துல வண்டி நிக்குமா, நாஸ்தா துன்னணும்,” என்றான். “நிக்காது, இழு!” என்று கத்தினேன். அப்படி ஒருவரை அதட்டியது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. கல்லைத் தூக்கி வைத்தது போலக் கனத்துக் கிடந்த மார் அது. அதிலிருந்தா இவ்வளவு சத்தம் வருகிறது என்று எனக்குப் பயமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

விழுப்புரத்துக்கும் செங்கல்பட்டுக்கும் எத்தனை தடவை போய் வந்தோம் என்று தெரியாது. வெயில் உச்சிக்கு வந்தபோது மடி கரையேறியது. அதில் மீன் இல்லை. பை நிறையச் சொறி என்கிற கடல் இழுது, கண்ணாடி போலக் கொழகொழவென்று மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. தொட்டால் உடம்பெல்லாம் அரிக்கும், எதற்கும் உதவாது.  வலைக்காரன் மணலில் உட்கார்ந்து சத்தமில்லாமல் சிரிக்க ஆரம்பித்தான், எல்லோரும் சிரித்தார்கள். வெறுங்கையோடு வீட்டுக்குப் போனேன். அன்றைக்குத்தான் நான் யாருக்கும் கடன்படாமல் நடந்து போவது போல இருந்தது.

வீட்டுக்குள் நுழைந்ததும் மகள் வாசற்படியில் நின்றுகொண்டு, “அத்தா, நீங்களா கத்தினீங்க? இங்க வரைக்கும் கேட்டுச்சி,” என்றாள். அவளுக்குப் பின்னால் மச்சான் நின்றார். கடையைப் பாதியில் விட்டுவிட்டு வந்திருந்தார். கோவளம் முழுக்கக் கேட்டிருக்கிறது.

மச்சான் நல்ல மனிதர், விஷயம் தெரிந்தவர். என்னை உட்கார வைத்துப் பொறுமையாகத்தான் சொன்னார். “மச்சான், நீங்க சீக்கு லீவுல கீறீங்க. சீக்குன்னு எழுதிக் குடுத்துட்டு இங்க கயிறு இழுத்துகினு கீறாருன்னு எவனாச்சும் ஒரு கார்டு போட்டா போதும். வேல காலி. கூலிக்குப் போனாருன்னு எழுதுவாங்க. நடுவுல நெஞ்சு வலிச்சி வுழுந்தா உசுரும் காலி. இன்னும் ஒரு மாசந்தான கீது. கம்முனு படுத்துகினு இருங்க.”

அவர் சொன்னது அத்தனையும் நியாயம்.  “படுத்தா நா செத்துடுவேன் மச்சான்,” என்று மட்டும் சொன்னேன். அவர் என் மனைவியைப் பார்த்தார், அவள் தடுப்பாள் என்று நினைத்திருப்பார். அவள் சமையலறை வாசலில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள். “போவட்டும்ண்ணா,” என்றாள். அவள் குரல் ஒரு மாதிரி இருந்தது. எனக்காகப் பயப்படுகிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

மறுநாளும் போனேன். அதற்குப் பிறகு மீன் மாமல்லபுரம் பக்கம் நன்றாக விழுகிறது என்று வலையைத் தெற்கே எடுத்துக்கொண்டு போனபோது, நானும் கரையோரமாகவே அவர்களோடு நடந்து போய், மூன்று நாள் படகடியில் படுத்து, இழுத்துவிட்டு, நடந்தே திரும்பினேன். போகும்போது பனங்கூட்டத்தைத் தாண்டியதே எனக்குத் தெரியவில்லை. திரும்பி வந்த அன்று பசி தாங்காமல் நானே சமையலறைக்குள் போய்க் கையில் கிடைத்த தட்டில் சோறு போட்டுச் சாப்பிட்டேன். யாரும் என் தனித் தட்டை எடுத்து வரவில்லை.

சித்திரை கடைசி வந்தது. மகளை மச்சான் வீட்டில் விட்டுவிட்டு, நானும் மனைவியும் மாட்டு வண்டியில் கேளம்பாக்கம் போய், அங்கிருந்து திருப்போரூர் வழியாகப் பஸ்ஸில் செங்கல்பட்டு போனோம். வழியெல்லாம் அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. டாக்டர் அறைக்கு வெளியே ஒரு வேப்பமரம். அதன் அடியில் அவளை உட்கார வைத்துவிட்டு உள்ளே போனேன்.

டாக்டர் என் நெஞ்சில் குழலை வைத்துக் கேட்டார். முதுகில் தட்டினார். மூச்சை இழு என்றார், விடு என்றார். படியேறி இறங்கச் சொன்னார். எடை பார்த்தார். திருப்தியாகத்தான் தெரிந்தது. கடைசியாக நாடி பார்க்கக் கையைப் பிடித்தார். பிடித்தவர் அதைத் திருப்பினார். உள்ளங்கையைக் கட்டைவிரலால் தேய்த்தார். இன்னொரு கையையும் நீட்டச் சொன்னார்.

“இது படுக்கையில கிடந்தவன் கையா?” என்றார்.

பக்கத்தில் பேரேட்டோடு உட்கார்ந்திருந்த கம்பவுண்டர் இரக்கப்பட்டு, “வீட்டுத் தோட்டத்துல கொத்திகிட்டு இருந்திருப்பாரு சார்,” என்றார். எனக்கு அவர் வழி காட்டினார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் நான் களைத்துப் போயிருந்தேன். ஆறு மாதமாக எல்லோருக்கும் தலையாட்டியே களைத்திருந்தேன்.

“தோட்டம் இல்லீங்க. கோவளத்துல வலைக் கயிறு இழுத்தேன்,” என்றேன்.

“கூலிக்கா?”

“பங்குக்குங்க. மீனு குடுப்பாங்க.”

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். “ஸிக் லீவுல இருந்துகிட்டு வேலை செஞ்சிருக்க. அதை என்கிட்டயே சொல்ற. ஆறு மாசமா ரயில்வேயை ஏமாத்தியிருக்கன்னு நான் எழுதினா உன் கதி என்ன ஆகும் தெரியுமா?”

“ஆறு மாசம் இல்லீங்க. ரெண்டு மாசந்தான் இழுத்தேன். அதுக்கு முன்னால நாலு மாசம் சாவறதுக்குக் காத்துகினு படுத்துகினு இருந்தேன். அத ஏமாத்துனதுன்னு எழுதினா எழுதுங்க.”

வெளியே வராந்தாவில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். அவ்வளவு சத்தமாகச் சொல்லியிருக்கிறேன். நான் கண்ணைத் தாழ்த்தவில்லை.  டாக்டர் திரும்பவும் குழலை எடுத்து, இன்னொரு முறை நெஞ்சில் வைத்துக் கேட்டார். பிறகு எழுதினார். கடைசி இரண்டு மாதம் லீவில் சேராது, சம்பளம் இல்லை என்று ஒரு வரி, அதன் கீழே ஃபிட் என்று ஒரு வரி. “நாளைக்கு டூட்டி. போ,” என்றார்.

வேப்பமரத்தடிக்கு வந்து காகிதத்தை மனைவியிடம் காட்டினேன். அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது. என் முகத்தைத்தான் பார்த்தாள். “நாளைக்கே டூட்டி,” என்றேன். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். அவள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். நானும் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். போகிறவர்கள் என்னை அன்ஃபிட் ஆக்கிவிட்டார்கள் என்றே நினைத்திருப்பார்கள்.

“ஏன் அழுவுற? வேல கெடச்சிடுச்சே.”

“ஒங்க கோட்டு இல்லீங்க,” என்றாள்.

டூட்டியில் போட வேண்டிய கருப்புக் கோட்டைத்தான் சொன்னாள். எனக்கு முதலில் விளங்கவில்லை.

“தைப் பனியில பாப்பா நடுங்கிகினு இருந்தா. அத பிரிச்சி அவளுக்கு சட்ட தெச்சிட்டேன். இனிமே ஒங்களுக்கு எதுக்குன்னு...” முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, “நீங்க கயிறு இழுக்கப் போய் ஒடம்பு ஏற ஏற, அல்லாவே, இத எப்பிடி சொல்றதுன்னு ஒவ்வொரு நாளும் செத்தேங்க,” என்றாள்.

எனக்கு வலித்தது. இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் கோபம் வரவில்லை. தை மாதத்தில் என்னைப் பற்றி நானும் அதைத்தான் நினைத்திருந்தேன். நான் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன், அவள் எழுந்து கத்தரியை எடுத்துக் குழந்தையின் குளிருக்கு ஒரு வழி செய்தாள். அவள் அழுது முடிக்கும் வரை உட்கார்ந்திருந்து, பிறகு அவளை பஸ் ஏற்றிவிட்டேன்.

மறுநாள் வெறும் சட்டையோடு கேட்டில் நின்றேன். காலை வண்டி வந்து நின்றதும் ஸ்டேஷன் மாஸ்டர் வேகமாக என்னை நோக்கி வந்தார். அத்தனை பயணிகளுக்கு நடுவில், “கோட்டு எங்கய்யா?” என்று கேட்டார்.

“எம்பொண்ணு போட்டுகினு கீறா சார்,” என்றேன். பிளாட்பாரத்தின் கோடி வரைக்கும் கேட்டிருக்கும்.